நாலு நிமிஷம் இருபது வினாடி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேபிள் டிவி ஒயர் இழுத்துப் பிழைக்கிறேன். கொஞ்சம் கழனியும் உண்டு. உத்திரமேரூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். போன வைகாசியில், எங்கள் அம்மன் கோயில் திருவிழாவின்போது, இருபத்துநாலு ஓட்டை வைத்த ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியோடு நான் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெட்டியின் பேரில்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எல்லாம் என் அக்காவுக்காகத்தான்.

எங்கள் ஊரில் பதினெட்டு நாள் திருவிழா. மத்தியானத்தில் பாரதக் கதை படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். ஏரிக்குக் கீழே அறுப்பு முடிந்த கழனியில், ஒரு பெரிய ராஜாவை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கூத்துக்காரர்கள் அந்த உருவத்தின் மேல் ஏறி இறங்கிச் சண்டை போட்டு முடித்ததும், அதுவரை விரித்த கூந்தலோடு இருக்கும் அம்மனுக்கு அந்த இடத்திலேயே கூந்தல் முடிவார்கள். அன்று சாயங்காலம் தீமிதி.

அக்காவுக்கு ஒரு வேண்டுதல் உண்டு. அவள் மகளுக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டபோது நேர்ந்துகொண்டது. படுகளத்தன்று தலையை முடியாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பாள். அம்மனுக்குக் கூந்தல் முடிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தன் தலையை முடிந்துகொண்டு தண்ணீர் குடிப்பாள். மகள் பிழைத்து, கல்யாணமாகி, இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். அக்கா ஒரு வருஷமும் தவறியதில்லை.

போன தை மாதம் பம்புசெட்டுத் தொட்டியடியில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன். வைகாசி பிறந்தும் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கூடவே சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், பேச்சு குழறும். ஒரு தடவை மயங்கியே போயிருக்கிறாள்.

"கட்டிலோட தூக்கினு போயி கழனியில வெச்சிடறேங்கா" என்றேன்.

"செத்தவள தூக்கினு போற மாரியா? ஊரே பாத்து அழுவும்டா. வாணாம்."

"அப்ப இந்த ஒரு வருசம் தண்ணி குடிச்சிடு. ஒன் நெலம அம்மனுக்குத் தெரியாதா?"

"அம்மனுக்குத் தெரியும். எனுக்கில்ல மனசு ஆறணும்? பாத்தாதான் குடிப்பேன். நீதான் ஊரு பூரா டிவி காட்றவனாச்சே, கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணு காட்ட முடியாதா?"

சரி, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செல்போனில் வீடியோ காட்டினால் ஆயிற்றே என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். படுகளத்தன்று சுத்துப்பட்டு ஜனமெல்லாம் எங்கள் ஊருக்குள் இருக்கும். அத்தனை பேர் கையிலும் போன். டவர் திணறிப் போய், படத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தின வருஷம், துபாயில் இருக்கும் மகனுக்குக் காட்டப் போன பக்கத்து வீட்டுக்காரர், திருவிழா முடிகிறவரை போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். படுகளத்தை அவரும் பார்க்கவில்லை, மகனும் பார்க்கவில்லை.

ஆக, ஒயர்தான் வழி. நல்ல வேளையாக அந்த வருஷம் விழாக் கமிட்டியார் பழைய குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, நெட்வொர்க் ஒயரில் ஓடுகிற புதுசு வாங்கத் தீர்மானித்திருந்தார்கள். கழனியில் மைக்கும் ஒரு கேமராவும், நாலு தெருவுக்கு ஒலிபெருக்கி, கழனிக்கு வர முடியாத கிழவர் கிழவிகளுக்காகப் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெரிய டிவி. அதோடு அக்கா வீட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். எல்லா ஒயரும் வந்து சேருகிற இடம்தான் அந்தச் சுவிட்ச் பெட்டி. கோயில் வாகன அறையில், சிம்ம வாகனத்துக்கும் குதிரை வாகனத்துக்கும் நடுவில் ஒரு பலகை அடித்து அதை உட்கார வைத்தோம். பூசாரி சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் அரை நாள் இருந்தார். ஒயர்களைச் செருகினார், நாஷ்டா சாப்பிட்டார், "மீதிய போன்ல பாத்துக்கலாம் ணா, ஈசிதான்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்.

மறுநாள் எனக்குக் காப்புக் கட்டினார்கள். நான் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவன். தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பாயில்தான் படுக்க வேண்டும், ஒருவேளைதான் சாப்பாடு. முக்கியமாக, கோபப்படக் கூடாது. வாயில் ஒரு கெட்ட சொல் வரக் கூடாது.

மற்ற வருஷங்களில் எனக்கு இது கஷ்டமாக இருந்ததில்லை. கோபப்படாமல் இருக்க வேண்டிய பத்து நாளில் இப்படி ஒரு பெட்டியோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது அந்த வருஷம்தான் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் போய் யாரிடமாவது காட்டலாம் என்றாலும் வழி இல்லை. நான் எல்லையைத் தாண்ட முடியாது, டெக்னீஷியனுக்கோ வேறு ஊரில் கல்யாண மண்டப வேலை.

கேமராவைக் கழனி ஓரத்துப் பனைமரத்தில் கட்டி, மண் ராஜாவின் தலைப்பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, ஆன் செய்தேன். உடனே நாலு தெரு ஒலிபெருக்கியும் சோளம் பொரிகிற மாதிரி பொரிந்தன. கேமராவை நிறுத்தினால் சத்தம் சுத்தம். ஆன் செய்தால் பொரி.

போனில் டெக்னீஷியன் சொன்னார், "படம் எல்லா ஒயர்லயும் பாயுது ணா. யார் கேக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும் அனுப்புன்னு சுவிட்சுக்குச் சொல்லணும்."

எனக்கு அது தலையில் ஏறவே இல்லை. இருபது வருஷமாக என் தொழிலே எல்லா வீட்டுக்கும் எல்லாவற்றையும் தள்ளுவதுதான். ஒயரில் அத்தனை சேனலும் போகும், வேண்டியதை வீட்டில் இருக்கிறவன் போட்டுப் பார்த்துக்கொள்வான். இந்தப் பெட்டி அப்படி இல்லையாம். தெரு ஒலிபெருக்கிக்குச் சத்தம் மட்டும் போதும். அந்தச் சின்ன வாயில் படத்தையும் சேர்த்து ஊற்றினால் சத்தம் மூச்சுத் திணறுமாம். நான் நினைத்த சிக்னல் வேறு, இது வேறு.

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பை ஒயரில் சொருகி, பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒன்று, கேட்கிறவர்களுக்கு மட்டும் அனுப்புகிற வேலை அதனுடையதாம். அதில் டிக் போட்டு, 'அப்ளை' என்ற பட்டனை அமுக்கச் சொன்னார் டெக்னீஷியன். அமுக்கினேன். பொரிச்சல் அப்படியே அடங்கியது. அக்கா வீட்டில் உட்கார வைத்திருந்த அவள் மகள் போனில் கத்தினாள், "மாமா, படம் வருது! சூப்பரா வருது!"

அம்மன் இருந்த திசைக்குக் கும்பிட்டேன். டெக்னீஷியனுக்கு நூறு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"மாமா, நின்னுடுச்சி."

அக்கா வீட்டு டிவியை அணைத்துப் போடச் சொன்னால் வந்தது. மறுபடி நின்றது. அணைத்துப் போடச் சொன்னேன். வந்தது. நின்றது. நின்றதும் டெக்னீஷியனைக் கூப்பிட்டால், "டிவிய ரீஸ்டார்ட் பண்ணுங்க ணா" என்பார். செய்தால் படம் வரும். "வந்துச்சில்ல? ஓகே ணா" என்று வைத்துவிடுவார். வந்தது உண்மைதானே, அவரை என்ன சொல்வது? நிற்கும்போது அவர் லைனில் இருப்பதில்லை. அவர் லைனில் இருக்கும்போது அது நிற்பதில்லை.

மண் ராஜாவைச் செய்கிற வேலை கழனியில் ஆரம்பித்துவிட்டது. அக்கா கட்டிலில் படுத்தபடி அதைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் போனபோது படம் நின்று போய்க் கிடந்தது.

"ஒர்த்தன் முதுக சொறிஞ்சிகினே நிக்கறான்டா. எம்மாம் நேரம்தான் சொறிவான்? தோலே போயிருக்கும்."

"படம் நின்னுபோச்சிக்கா."

"அது எனுக்குத் தெரியாதா? படுகளத்தன்னிக்கு இந்த மாரி நின்னா நான் இன்னா பண்றது? பாதி முடிஞ்ச கூந்தலப் பாத்துகினு சாயங்காலம் வரிக்கும் கெடக்கவா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கிடப்பாள் என்று எனக்குத் தெரியும். கை நடுங்கினாலும், பேச்சு குழறினாலும், பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. காலையில் நான் டிக் போட்டுவிட்டுப் போவேன். மத்தியானம் வீட்டில் அந்த ஒருவேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வந்தால், போட்ட டிக் எதுவும் இருக்காது. பெட்டி புதுசாய்ப் பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கி மறுபடி பொரியும். முதல் நாள், நான்தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், சூட்டினால் இருக்கும் என்று ஒரு டேபிள் ஃபேன் கொண்டு வந்து வைத்தேன். மூன்றாம் நாள், கண்ணேறு பட்டிருக்கும் என்று எலுமிச்சம்பழம் கட்டினேன். என் விரதத்தில் ஏதாவது குறையோ என்று இரவெல்லாம் யோசித்தேன். ஒரு நாள் தலையணை வைத்துத் தூங்கிவிட்டேன், அதுவாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

நாலாம் நாள் சாப்பிடப் போகவில்லை. பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்தேன். லேப்டாப்பில் டிக் எல்லாம் அப்படியே இருந்தன. பன்னிரண்டரை மணிக்கு டக் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தது, அறை இருட்டாகிவிட்டது.

என் வாயிலிருந்து வந்தது எழுதக் கூடிய சொல் இல்லை. சிம்ம வாகனத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"யாரது உள்ள?" என்று பூசாரியின் குரல் கேட்டது. அவர் கையில் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

"மெயின ஏன்யா எறக்கன?"

"நட சாத்தனா மெயின எறக்கத்தான் செய்வேன். இன்னிக்கி நேத்தா எறக்கறேன்?"

"தெனமுமா?"

"தெனமும்தான். சீரியல் லைட்டு பத்திகினு பந்தலே எரிஞ்சிச்சே, மறந்துட்டியா? அன்னிலேர்ந்து அம்மன் கதவ சாத்தனா கரண்டையும் சாத்திடறது."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார், "அது கெடக்கட்டும். காப்புக் கட்ன கையோட இன்னா வார்த்த பேசன நீ?"

குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலை மூன்று தடவை சுற்றி வந்து விழுந்து எழச் சொன்னார். சுற்றினேன். முதல் சுற்றில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது சுற்றில், நாலு நாளாக மெயினை இறக்குகிறவர் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா என்று மறுபடி கோபம் வந்துவிட்டது. அதனால் கணக்கில் சேராது என்று நாலாவதாக ஒரு சுற்றும் சுற்றினேன்.

துணி காய்வதற்குள் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன்.

"கரண்டு போனா இன்னா ணா, செட்டிங் போவாது. சேவ் பண்ணீங்கல்ல?"

"அப்ளைன்னு இருந்த பட்டனெல்லாம் அமுக்கனேம்பா."

"அப்ளை வேற, சேவ் வேற ணா. மேல மூலைல செவப்பா ஒண்ணு மினுக்கிட்டே இருக்குமே, பாக்கலியா?"

பார்த்தேன். நாலு நாளாகப் பார்த்தேன். கோபுரத்தில் சீரியல் லைட் மினுக்குகிற மாதிரி அதுவும் அழகுக்கு என்று நினைத்தேன். செய்துவிட்டேன் என்று ஒரு பட்டனை அமுக்கிய பிறகு, செய்ததை ஞாபகம் வைத்துக்கொள் என்று இன்னொரு பட்டனையும் அமுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒயரைச் செருகினால் செருகினதுதான். அதைத் திரும்பப் போய், செருகினது செருகினதாகவே இருக்கட்டும் என்று நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

சேவ் அமுக்கினேன். சிவப்பு அடங்கியது. அன்றிலிருந்து டிக் அழியவில்லை. ஆனால் படம் நிற்பது நிற்கவில்லை. இப்படியே நாள் ஓடி, படுகளத்துக்கு இரண்டே நாள் என்றானது.

அன்றைக்குத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா மகளைப் போனில் வைத்துக்கொண்டு பெட்டியைப் போட்டேன். "வந்துச்சி மாமா" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். "நின்னுச்சி மாமா" என்றாள். நாலு நிமிஷம் இருபது வினாடி. மறுபடி போட்டேன். நாலு நிமிஷம் இருபது. மூன்றாவது தடவையும் அதே. சூடோ கண்ணேறோ என்றால் இப்படி வினாடி மாறாமல் வருமா?

டெக்னீஷியனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஐயோ அண்ணா, நாலு இருபதுல நிக்குதுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? எட்டு நாளா பேஜாராயிட்டீங்களே!"

"நீ கேக்கலியேப்பா."

"குவெரியர் ணா. குவெரியர்னு ஒண்ணு இருக்கும், அதுல டிக் போடுங்க."

பிறகு அவர் விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் போவார். "வேணுமா, வேணுமா" என்று கேட்டுக்கொண்டே திரும்பத் திரும்ப வருவார். இலையில் உட்கார்ந்திருக்கிறவர் "ஊத்து" என்பார். கேட்கிற அந்த ஆள்தான் குவெரியர். அந்த ஆள் வரவே இல்லை என்றால், இலையில் இருப்பவரும் வாயைத் திறக்க மாட்டார். ஒருவரும் கேட்கவில்லையே, எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அடுப்படியில் சாம்பாரை மூடிவிடுவார்கள். பெட்டி காத்திருந்து பார்க்கிற நேரம்தான் நாலு நிமிஷம் இருபது வினாடி. நான் இத்தனை நாள் பந்தியை நடத்தியிருக்கிறேன், வாளி தூக்க ஆள் போடாமல்.

டிக் போட்டேன். அப்ளை. சேவ். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அரை மணி ஆயிற்று. "இன்னும் ஓடுது மாமா. நீங்க சாப்பிடுங்க மாமா" என்றாள். சாப்பிடப் போனேன். பாதியில் எழுந்து வந்து மறுபடி பார்த்தேன்.

படுகளத்தன்று காலையில் அம்மன் புறப்பட்டாள். பூசாரி வாகன அறைக்கு வந்து, தூக்கி வைத்த மெயின் கைப்பிடியை ஒரு மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "இதுக்கும் காப்புக் கட்டிட்டேன், போதுமா? இன்னிக்கி ஒர்த்தனும் எறக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

காப்புக் கட்டியவர்கள் எல்லாம் அம்மனோடு போய் மண் ராஜாவைச் சுற்றி நிற்க வேண்டும். நானும் கிளம்பினேன். நாலு நிமிஷம் இருபது தாண்டட்டும், போய்விடலாம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். தாண்டியது. இன்னொரு நாலு இருபது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதுவும் தாண்டியது. பம்பை சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கால் வாசலுக்குப் போகும், கண் பெட்டிக்குத் திரும்பும்.

படுகளம் பத்து மணிக்கு முடிய வேண்டியது. கூத்துக்காரர்களில் ஒருவருக்கு வேஷம் கட்டத் தாமதம், யாரோ பிரமுகர் வரத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றானது. பன்னிரண்டானது. அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கும். போனை எடுத்தால் டவர் இல்லை. அக்கா வீடு அடுத்த தெருதான், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் நான் போகிற அந்த நேரத்தில் இது நின்றுவிட்டால்?

லேப்டாப்பில் படம் தெரியாது. அதில் தெரிந்தது செட்டிங் பக்கம் மட்டும்தான். பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஏழாம் ஓட்டை கழனி, ஒன்பதாம் ஓட்டை அக்கா. அம்மன், ராஜா, கூத்து, கூட்டம் எல்லாம் ஏழில் நுழைந்து ஒன்பதில் வெளியே போய்க்கொண்டிருந்தது, என் மூக்குக்கு முன்னால். எனக்குத் தெரிந்தது இரண்டு பச்சைப் புள்ளி.

"கோவிந்தா!" என்று ஒலிபெருக்கியில் ஊரே கத்தியது. வெடி வெடித்தார்கள். மணி ஒன்று பத்து. கூந்தல் முடிந்துவிட்டார்கள். நான் பதினாறு வயதிலிருந்து பார்த்து வந்த படுகளம், அந்த வருஷம் எனக்கு இல்லை. ஒன்பதாம் ஓட்டை மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. நின்றிருந்தாலாவது நான் அங்கே உட்கார்ந்ததற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கொண்டையில் பூ. மகள் பிடித்துக்கொள்ள, எலுமிச்சைத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து மூச்சு வாங்கினாள்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சி, வந்துச்சி. ஆனா ஒண்ணுடா. கதாயுதம் தூக்கினு வந்தானே வேசக்காரன், அவன் கையில வாட்ச் கட்டிகினு கீறான்! இத்தினி வருசம் தூரத்துல நின்னு பாத்தனா, தெரியவே இல்ல. நீ கிட்டக்க பாத்திருப்பியே, சொல்லக் கூடாது?"

"நான் பாக்கலக்கா."

"இன்னாது?"

"நான் கழனிக்குப் போகல. பொட்டிகிட்டதான் குந்திகினு இருந்தேன். நின்னுடுமோன்னு."

"நின்னுச்சா?"

"நிக்கல."

"அப்பறம் எதுக்குடா அங்க குந்திகினு இருந்த?"

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெட்டி மேல், டெக்னீஷியன் மேல், நாலு நிமிஷம் இருபது வினாடி என்று கணக்கு வைத்தவன் எவனோ அவன் மேல், என் மேல். அக்கா என் கையில் இருந்த காப்புக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளிடம் தம்ளரைக் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தைத் தட்டினாள்.

"சரி நைனா, குந்து. நான் சொல்றேன். மொதல்ல அம்மன் வந்து எறங்கனா. அம்மாங் கூட்டம், தலதலயா தெரியிது. பூசாரிக்கு வேர்த்து ஊத்துது. ராஜா வயித்து மேல ஏறனான் பாரு வாட்ச்காரன், காலு வழுக்கி..."

அவள் ராஜாவின் தொடையில் அடி விழுகிற இடத்துக்கு வருவதற்குள் குளத்துப் பக்கமிருந்து பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காப்புக்காரர்களை முழுகக் கூப்பிடுகிற அடி. முழுகிவிட்டுத் தீ மிதிக்கிறவரை கோயிலை விட்டு நகரக் கூடாது. நான் எழுந்தேன்.

"இன்னும் கூந்தல் முடிஞ்சதே சொல்லலியேடா" என்றாள் அக்கா.

"நேரமாயிடுச்சிக்கா."

"போ, போ. மிதிச்சிட்டு வா. வந்து கேளு. அதுக்குள்ள வேற ஒர்த்தங்கிட்டயும் கேட்டுடாத. நான்தான் சொல்லுவேன்."

வழியெல்லாம் கழனியிலிருந்து திரும்புகிற ஜனம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாகக் குளத்துக்கு ஓடினேன்.